வாக்கிழந்த ஊவா: எதிர்ப்பை அடக்கிய இரு வழிகள்

அரசியல் எதிர்ப்பு அடக்கப்பட்ட வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் சிறைச்சாலைகளையும் துப்பாக்கிச் சூடுகளையுமே நோக்குவர். சனநாயக ஆட்சியை ஆராய்வதற்கு அந்நோக்கு மட்டும் போதாது. ஊவாத் தோட்டங்களின் வரலாறு இதனை நமக்கு உணர்த்துகின்றது.

1940இல் மலையகத்திற் பரவிய வேலைநிறுத்த அலை, பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்தில் உச்சங் கண்டது. தொழிலாளர் தாமே தெரிவுசெய்த குழுவொன்றைக் கலந்தாலோசித்து நடக்கத் துரை இணங்க நேர்ந்தது. ஆயுதந் தாங்கி வந்த பொலிஸாரின் ஆயுதங்களையும் தொழிலாளர் பறித்தனர். பெரட்டுக் களத்தில் தலைகுனிந்து நின்றோர் துரையோடு நிமிர்ந்து பேசிய அந்நாட்கள் நீடிக்கவில்லை. பெருவெள்ளம் ஊவாவைப் பிற பகுதிகளினின்றும் துண்டித்த வேளையில் பொலிஸ் அடக்குமுறை போராட்டத்தை முறியடித்தது. ஜூன் மாதம் என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலிய சமசமாஜத் தலைவர்கள் சிறையிடப்பட்டனர். குடியேற்ற ஆட்சி தன் கையை மறைத்துக்கொள்ளவில்லை.

ஆயினும் அவ்வெதிர்ப்பு அழியவில்லை. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அவற்றுள் ஒன்று பதுளை. அங்கு எஸ். எம். சுப்பையா தெரிவானார். வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகளின் வெற்றிக்கும் தோட்ட வாக்குகள் துணைசெய்தன. புதிய ஆட்சியாளர் அஞ்சியது இதனையே என்பது நமது கருத்து.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், முந்தைய தலைமுறையினர் இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கோரியது. பிறப்புப் பதிவு செம்மையாக நடவாத லயங்களில் அச்சான்றுக்கு எங்கே போவது? மறு ஆண்டு தேர்தற் சட்டம் திருத்தப்பட்டுப் பிரசைகளுக்கே வாக்கு என வரையறுக்கப்பட்டது. ஒரு தோட்டாவும் செலவாகவில்லை. யாவும் பாராளுமன்றப் பெரும்பான்மையால், முறைப்படி நிறைவேறின. முதற் சட்டத்தை எதிர்த்த ஜீ. ஜீ. பொன்னம்பலம், அமைச்சரான பின் 1949ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டத்தை ஆதரித்தமையும் மறக்கற்பாலதன்று.

1952 தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. அவ்வாண்டு கொழும்பில் அது நடத்திய சத்தியாக்கிரகம் மாதக்கணக்கில் நீடித்தது. பறிபோன வாக்கு மீளவில்லை. வாக்கற்றவரின் மறியலைப் பொறுத்துக்கொள்வது எந்த அரசுக்கும் எளிது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவை நம்பிச் சென்ற வழக்கும் 1953இல் பிரிவிக் கவுன்சிலில் தோற்றது. தன் பிரசைகள் யாவரெனத் தீர்மானிப்பது அரசின் உரிமை என்றது தீர்ப்பு.

1964 ஒப்பந்தத்தின்படி பல்லாயிரவர் தலைமன்னாரிற் கப்பலேறினர். எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கிய 35ஆம் இலக்கச் சட்டம் 2003இலேயே வந்தது; 1947இல் பதுளையில் வாக்களித்தோருட் பலர் அதற்குள் மறைந்துவிட்டனர்.