கல்லைப் பிடிக்கும் பொன்

1962 டிசம்பரில் கோலார் தங்கச் சுரங்கங்கள் மைசூர் அரசிடமிருந்து மத்திய நிதி அமைச்சகத்தின் பொறுப்புக்கு வந்தன. அடுத்த மாதமே மத்திய அரசு தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொண்டுவந்தது. இனிச் செய்யும் நகை 14 காரட்டைத் தாண்டக் கூடாது என்றது விதி. சீனப் போரையொட்டிய அந்நியச் செலாவணி நெருக்கடி அதற்குக் காரணம். பத்தர்களின் பிழைப்பு பறிபோனதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அந்த விதி கல் பதிக்கும் பழைய முறை ஒன்றின் வேரிலேயே கைவைத்ததை அந்த அளவுக்குப் பேசவில்லை. ஒரு கல்லை நகையில் எப்படி இருத்துவது என்பதை ரசனைக்கு முன்னால் பொன்னின் மாற்றுதான் முடிவு செய்கிறது.

அந்தப் பழைய முறையான குந்தன் வேலையைக் கிட்டே போய்ப் பார்த்தால் இது விளங்கும். நகையில் கல்லுக்கென்று விட்ட குழியில் முதலில் அரக்கு நிரப்புகிறார்கள். அதன்மேல் பளபளப்பான மெல்லிய தகட்டை வைத்து, கல்லை இருத்துகிறார்கள். பிறகு கல்லைச் சுற்றியுள்ள இடுக்கில் சொக்கத்தங்க ரேக்கைத் திணித்து, எஃகு உளியால் அழுத்திக்கொண்டே போகிறார்கள். பற்றவைப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. கலப்பற்ற பொன் அழுத்தத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டி, கல்லின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்ளும். 14 காரட் என்றால் நூற்றில் 58 பங்குதான் பொன். மற்றது செம்பும் வெள்ளியும். அந்த உலோகம் இப்படி இழையாது. நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைகளில் உடல் பெரும்பாலும் வெள்ளிதான். ஆனால் கெம்புக் கல்லைச் சுற்றி அழுத்துவதற்குத் தங்க ரேக்குதான் வேண்டும்.

மாறியது ரசனைதானே என்று கேட்கலாம். பட்டை தீட்டிய வைரத்துக்கு அடியிலிருந்தும் வெளிச்சம் வேண்டும். அதனால்தான் கடைக்காரர்கள் ‘ஓபன் செட்டிங்’ என்று சொல்லும் திறந்த கட்டு வந்தது என்பார்கள். 1886-இல் நியூயார்க்கின் டிஃபனி நிறுவனம் ஆறு கொம்புகளால் வைரத்தைத் தூக்கி நிறுத்தியது அதற்காகத்தான். உண்மைதான். ஆனால் அந்தக் கொம்புகளைச் சொக்கத்தங்கத்தில் செய்தால் புடவை நூல் இழுத்தாலே வளைந்துவிடும். ஆசை வெளிச்சத்தால் பிறந்திருக்கலாம்; அதை நிறைவேற்றியது கலப்பு உலோகத்தின் விறைப்பு. கோலார் தங்கம் உள்ளூர்ப் பட்டறைக்கு நேராக வந்ததா என்றும் கேட்கலாம். வரவில்லை. சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனிக் காலத்தில் அது லண்டனுக்குக் கப்பலேறியது. பின்னர் அரசின் கையிருப்புக்குப் போனது. வட ஆர்க்காட்டிலிருந்து போன தமிழர்கள் கோலாரின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி எடுத்த பொன் அது. அதை வெட்டியவருக்கும் சரி, கல் இழைத்தவருக்கும் சரி, பொன்னின் மாற்றைப் பற்றிச் சொல்ல இடமே இருக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது.

14 காரட் வரம்பு 1966-இல் விலக்கப்பட்டது. தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990-இல் ரத்தானது. கோலார் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. 2021-இல் ஹால்மார்க் முத்திரையைக் கட்டாயமாக்கியபோது, குந்தன் நகைகளுக்கும் அதே மரபைச் சேர்ந்த போல்கி, ஜடாவ் நகைகளுக்கும் அரசு விலக்கு அளித்தது.