குளத்துக்குள் ஒரு தீவு

கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்களுக்கு ஒரு நாள் போதும். காலையில் கோயில், பிற்பகலில் ஜவுளிக்கடை, இருட்டுவதற்குள் ஊர் திரும்பப் பேருந்து. சின்ன காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாளைச் சேவித்து, தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டு, நூற்றுக்கால் மண்டபத்துக் கல்சங்கிலியை அண்ணாந்து பார்த்தால் கோயில் வேலை முடிந்தது. அந்த மண்டபத்தை ஒட்டியே அனந்தசரஸ் குளம். தண்ணீருக்கு நடுவே நீராழி மண்டபம் சிறு தீவுபோல நிற்கிறது. சாதாரண நாளில் அதன் முன்னால் யாரும் அதிக நேரம் நிற்பதில்லை.

நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை நிலைமை தலைகீழாகிவிடும். குளத்து நீரை இறைத்து, நீராழி மண்டபத்துக்கு அருகிலுள்ள சிறிய நான்கு கால் மண்டபத்தின் அடியிலிருந்து அத்திமரத்துப் பெருமாளான அத்திவரதரை எழுந்தருளச் செய்வார்கள். 1979இல் அப்படி நடந்தது. அடுத்து 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நாற்பத்தெட்டு நாள். வசந்த மண்டபத்தில் ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்டில் பதினேழு நாள் நின்ற கோலம். பட்டு நெய்கிற ஊர் என்பதால் அலங்காரத்துக்குக் கேட்கவேண்டுமா? தினம் ஒரு நிறத்தில் பட்டு சாத்தினார்கள். காலையில் எடுத்த படம் காபி ஆறுவதற்குள் சிங்கப்பூர் வரை கைப்பேசியில் போய்விட்டது.

அத்திவரதர் ஏன் தண்ணீருக்குள் போனார் என்பதற்குத் தலபுராணம் ஒரு கணவன் மனைவி சண்டையிலிருந்து தொடங்குகிறது. பிரம்மா காஞ்சியில் யாகம் செய்தபோது சரஸ்வதியை அழைக்கவில்லை. அவள் கோபம் வேகவதி ஆறாகப் பெருகி யாகசாலையை அழிக்கப் பாய்ந்து வந்தது. திருமால் குறுக்கே படுத்து அதைத் தடுத்தார். அந்த இடம்தான் திருவெஃகா. யாகத் தீயிலிருந்து தோன்றியவர் வரதர். தீயில் பிறந்த திருமேனியின் வெப்பம் தணியத் தண்ணீர் வேண்டும் என்பது பக்தர்கள் சொல்லும் காரணம்.

இன்னொரு காரணமும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது: படையெடுப்புக்குப் பயந்து ஒளித்துவைத்தது. அன்று மூலவராக இருந்த இந்த மரத்திருமேனிக்கு என்ன நடந்தது என்பதற்கு மரபுக் கதைதான் ஆதாரம். மறைத்த இடம் தெரியாமல் போகவே பழைய சீவரத்திலிருந்து கல் திருமேனியைக் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்தார்கள் என்றும், பின்னொரு நாள் குளம் வற்றியபோது மரத்திருமேனி தென்பட்டது என்றும் அது சொல்கிறது. உற்சவர் விஷயத்தில் கல்வெட்டே பேசுகிறது. 1688 வாக்கில் முகலாயப் படை வருமென்ற அச்சத்தில் உற்சவத் திருமேனிகள் உடையார்பாளையம் காட்டுக்குக் கொண்டுபோகப்பட்டன. ஆபத்து நீங்கிய பிறகும் அந்தப் பாளையக்காரர் திருப்பித் தர மனமில்லாமல் இருந்தார். ஆத்தான் ஜீயரின் வேண்டுகோளை ஏற்று லாலா தோடர்மால் படையோடு போய் மீட்டுவந்ததை 1710ஆம் ஆண்டுக் கல்வெட்டு கோயிலுக்குள்ளேயே பதிந்துவைத்திருக்கிறது. உலோகத் திருமேனி காட்டுக்குப் போன ஊரில், மரத்திருமேனி குளத்துக்குப் போயிருக்கலாம் என்பதை நம்புவதில் சிரமமில்லை.

நாற்பது ஆண்டு நீருக்குள் கிடந்த மரம் உளுத்துப்போகாதா என்று 2019இல் வரிசையில் நின்ற பலரும் கேட்டார்கள். அத்திமரத்தின் குணம் என்பது ஊரார் பதில். பொதுவாகவே மரத்தை அரிக்கும் பூஞ்சைக்குக் காற்று வேண்டும். முழுக்க நீரிலும் சேற்றிலும் மூழ்கிய மரம் நெடுங்காலம் தாங்கும். வெனிஸ் நகரின் பழைய கட்டடங்கள் நிற்பதும் சேற்றில் அடித்து இறக்கிய மரத்தூண்களின் மேல்தான்.

சரஸ்வதி, தண்ணீர், தீவு, ஒளிந்திருக்கும் திருமேனி என்று இந்த நான்கும் சேர்ந்த இன்னோர் இடம் ஜப்பானில் இருக்கிறது. சரஸ்வதி பௌத்தத்தோடு சீனா வழியாக அங்கே போய் பென்சைத்தென் ஆனாள். பிவா ஏரியில் உள்ள சிக்குபு தீவில் ஹோகோன்ஜி கோயில் அவளுக்கு உரியது. சுற்றளவு சுமார் இரண்டு கிலோமீட்டர்தான். இரவில் அங்கே யாரும் தங்குவதில்லை. குருமாரும் கடைக்காரர்களும்கூடப் படகில் வந்து திரும்புகிறார்கள். நாகஹாமா துறையிலிருந்து அரைமணிப் படகுப் பயணம். வருகிறவர்கள் சிறிய மண்தட்டு ஒன்றில் பெயரும் இன்னொன்றில் வேண்டுதலும் எழுதி, கீழே ஏரிக்கரையில் நிற்கும் தோரண வாயிலுக்குள் போகும்படி வீசுகிறார்கள். மூல பென்சைத்தென் திரைக்குப் பின்னால்; அறுபது ஆண்டுக்கு ஒருமுறைதான் தரிசனம். டோக்கியோவின் இனோகஷிரா பூங்காவிலோ அவளைப் பற்றி வேறு கதை. அங்கே குளத்தில் காதலர்கள் சேர்ந்து படகு விட்டால் பென்சைத்தென் பொறாமையில் பிரித்துவிடுவாள் என்று பயமுறுத்துவார்கள். காஞ்சியில் யாகசாலையை நோக்கிப் பாய்ந்தவள் கடல் தாண்டியும் சமாதானமாகவில்லை போலும்!

நாற்பது ஆண்டு என்ற இடைவெளிதான் அத்திவரதரைக் குடும்பக் கதையாக்கியது. 1979இல் இருபத்திரண்டு வயதில் புது மாப்பிள்ளையாக வந்தவருக்கு 2019இல் அறுபத்திரண்டு. அறுபதாம் கல்யாணம் முடிந்திருக்கும். முதல் முறை வந்தபோது சென்னைத் தொலைக்காட்சிக்கு வயது சுமார் நான்கு, அதுவும் தெருவுக்கு ஒரு வீட்டில் இருந்தால் பெரிது. செய்தித்தாளும் வாய்ச்சொல்லும் கூட்டிவந்த கூட்டம் அது. இரண்டாம் முறை, இரண்டு லட்சம் சொச்சம் பேர் வாழும் ஊருக்கு அரசுக் கணக்குப்படி ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். சிறப்பு ரயில்கள் விட்டார்கள், ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் போட்டார்கள். குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் குடும்பத்துடன் வந்து சேவித்தார். பொது வரிசையில் நின்றவர்களுக்கு மணிக்கணக்கில் வெயிலும் சில நொடித் தரிசனமும். நெரிசலில் உயிர்களும் போயின. அத்தனைக்குப் பிறகும் தரிசன நாட்களை நீட்டிக்கச் சொல்லிச் சிலர் உயர் நீதிமன்றம் போனார்கள், நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆகஸ்ட் 17 இரவு அவர் குளத்துக்குள் திரும்பினார்.

சிக்குபு தீவுக்கு இந்தக் கூட்டத் தொல்லை இல்லை. படகில் எத்தனை இருக்கையோ அத்தனை பேர், கடைசிப் படகு கிளம்பினால் அன்றைய வாசல் அடைப்பு. அங்கே பென்சைத்தென் அடுத்துத் திரை விலக்குவது 2037இல். காஞ்சிக்கு முறை 2059. இங்கே குளம்தான் தீவைச் சுற்றியிருக்கிறது, ஊரைச் சுற்றி இல்லை. சாலைகள் எல்லாப் பக்கமும் திறந்தே கிடக்கின்றன. இன்று பட்டு எடுத்துப்போகிற ஜோடிகள் அன்று மூட்டுவலியோடு வருவார்கள். மாட வீதிகளின் அகலமோ இதே அளவுதான் இருக்கும்.