பல்லும் சுழியும்

மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்த்துத்தான் மாடு பிடிப்பார்கள். ஒன்று பல், மற்றொன்று சுழி. பல், மாட்டின் வயதைச் சொல்லும். சுழி, அந்த மாடு வாங்குகிறவன் வீட்டுக்கு என்ன கொண்டுவரும் என்பதைச் சொல்லும். பல்லை நம்புவதற்குக் காரணம் உண்டு. சுழியை நம்புவதற்குக் கதை மட்டும்தான் உண்டு. ஆனாலும் கெட்ட சுழி உள்ள மாடு எவ்வளவு உழைப்பாளியாக இருந்தாலும், பாதி விலைக்குக் கேட்கக்கூட ஆள் வருவது சந்தேகம்.

பழைய ரிவால்வர் வாங்குவதிலும் இந்த இரண்டும் உண்டு. விசித்திரம் என்னவென்றால், அங்கே சுழி எவ்வளவுக்கெவ்வளவு கெட்டதோ, அவ்வளவுக்கவ்வளவு விலை ஏறுகிறது!

முதலில் பல்லைப் பார்ப்போம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவில் சட்டைப் பைக்குள் அடங்கும் மலிவான ரிவால்வர்களில் மிகவும் பரவியிருந்தது லெஃபோஷே மாதிரி. அதன் தோட்டாவின் அடிப்பாகத்தில் பக்கவாட்டில் ஒரு சிறு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். துப்பாக்கியின் குதிரை மேலிருந்து அந்த ஊசியின் தலையில் அடிக்க, ஊசி உள்ளே இறங்கி மருந்து பற்றிக்கொள்ளும். ஊசிகள் வெளியே தெரிவதால், எந்த அறையில் தோட்டா இருக்கிறது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிடும். நிதானமுள்ளவன் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

பிறகு அவன் குதிரையை மெதுவாகப் பின்னுக்கு இழுப்பான். உருளை ஒவ்வொரு தடவையும் ஓர் அறை திரும்பி, குழலுக்கு நேரே வந்து ஆடாமல் நிற்க வேண்டும். சற்றே விலகி நின்றாலும் குண்டு குழலின் விளிம்பில் உரசி, ஈயச் சில் பக்கவாட்டில் தெறிக்கும். அடுத்து, குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, உள்ளே துரு அரித்திருக்கிறதா என்று பார்ப்பான். திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால், தொழில் தெரியாத கை உள்ளே புகுந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய இரும்பில் புது மெருகு மின்னினால் சந்தேகம் இரட்டிப்பாகும். இத்தனையிலும் தேறினால் துப்பாக்கி விலை. தேறாவிட்டால் இரும்பு விலை.

இனி சுழிக்கு வருவோம். 1873-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி காலை, பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் பிரெஞ்சுக் கவிஞர் பால் வெர்லேன் 7 மில்லிமீட்டர் லெஃபோஷே ஒன்றை 23 பிராங்குக்கு வாங்கினார். அன்று பிற்பகல், தம்மை விட்டுப் பிரிந்து போவேன் என்று பிடிவாதம் பிடித்த இளங்கவிஞர் ஆர்தர் ரேம்போவை நோக்கி இரண்டு முறை சுட்டார். ஒரு குண்டு இடது மணிக்கட்டில் பாய்ந்தது. மற்றொன்று குறி தவறியது. சுட்டவருக்கு வயது 29, சுடப்பட்டவருக்கு 18. வெர்லேனுக்கு இரண்டு வருஷம் சிறைத் தண்டனை கிடைத்தது. துப்பாக்கி விற்ற கடைக்கே திரும்பிப் போயிற்று.

2016-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி பாரிஸில் கிறிஸ்டி நிறுவனத்தார் அதை ஏலம் விட்டார்கள். 60,000 யூரோ வரை போகலாம் என்பது அவர்கள் மதிப்பு; போனதோ 4,34,500 யூரோவுக்கு! கடைக்காரரின் பழைய பதிவேட்டில் இருந்த எண்ணும், துப்பாக்கியில் பொறித்திருந்த எண்ணும் ஒத்திருந்தன. அதுதான் சாட்சி.

இரண்டரை வருஷம் கழித்து, 2019 ஜூன் மாதத்தில், அதே பாரிஸில் இன்னொரு 7 மில்லிமீட்டர் லெஃபோஷே ஏலத்துக்கு வந்தது. துருவேறி உருக்குலைந்த இரும்பு அது. பல்லைப் பார்க்கிறவன் கையால் தொடமாட்டான். ஓவியர் வின்சென்ட் வான்கோ 1890 ஜூலை 27-ஆம் தேதி தம்மையே சுட்டுக்கொண்டு இரண்டாம் நாள் மரணமடைந்தாரே, அந்த ஓவேர் கிராமத்து வயலில் 1960-களில் ஒரு விவசாயி கண்டெடுத்தது. இதற்குப் பதிவேடு கிடையாது. கிடைத்த இடம், குழலின் அளவு, மண்ணுக்குள் கிடந்த காலம் ஆகியவற்றை வைத்து, இதுவே அந்தத் துப்பாக்கியாக இருக்கலாம் என்றார்கள். அந்த ஒரு 'இருக்கலா'முக்கு 1,62,500 யூரோ கிடைத்தது.

பல்லை மட்டும் பார்க்கும் வியாபாரம் எப்படி நடக்கும் என்பதைப் பிற்காலத்தில் ரேம்போவே அனுபவித்துத் தெரிந்துகொண்டார். கவிதையை அறவே விட்டுவிட்டு ஆப்பிரிக்கா சென்ற அவர், ஐரோப்பியப் படைகள் கழித்துப் போட்ட பழைய துப்பாக்கிகளைச் சேர்த்து விற்கப் புறப்பட்டார். ஏழெட்டு பிராங்குக்குக் கிடைக்கும் துப்பாக்கியை ஷோவா நாட்டு மன்னர் மெனெலிக்குக்குச் சுமார் 40 பிராங்குக்கு விற்கலாம் என்று 1885-இல் வீட்டுக்குக் கடிதம் எழுதினார். பாலைவனத்தைக் கடந்து 1887-இல் சரக்குடன் போய்ச் சேர்ந்தபோது, மெனெலிக் அதன் தரத்தைக் கண்டு விலையைக் குறைத்தார். இறந்துபோன கூட்டாளியின் கடன் என்று வேறு ஒரு தொகையைக் கழித்துக்கொண்டார். விற்கிறவர் மகாகவி என்பதற்காக மன்னர் காலணாக்கூட அதிகம் கொடுக்கவில்லை.

மெனெலிக்கைக் கஞ்சர் என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. துப்பாக்கியைத் துப்பாக்கியாக மதித்தவர் அவர். பாரிஸில் பணத்தைக் கொட்டியவர்கள் வாங்கியது இரும்பை அல்ல. ஒரு வாலிபனின் மணிக்கட்டில் பட்ட காயத்தை, ஓர் ஓவியரின் இரண்டு நாள் வேதனையை. அந்த விலையை ஏற்றிவிட்டவர்களோ, என்னைப் போல் கதை எழுதுகிறவர்களும் உங்களைப் போல் கதை படிக்கிறவர்களும்தான்.

அன்று வெர்லேன் வைத்த குறி தவறாமல் நெஞ்சில் பாய்ந்திருந்தால், ஏலத்தில் இன்னும் எத்தனை லட்சம் கூடியிருக்கும்? இந்தக் கணக்கு மனத்தில் எழும்போதே உடம்பு கூசுகிறது. கெட்ட சுழி மாட்டை வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் போகிற நம் சந்தைக்காரன், மூடநம்பிக்கைக்காரனாகவே இருந்துவிட்டுப் போகட்டும். துன்பத்துக்கு அவன் விலை ஏற்றுவதில்லை.