மூலைக்காற்று

ஒரு கேள்வி பிறக்கக் காரணம் ஒரு தேவாலயம். நியூயார்க்கின் லெக்சிங்டன் அவென்யூவில் சிட்டிகார்ப் வங்கி தன் தலைமையகத்தைக் கட்ட நினைத்தபோது, மனையின் ஒரு மூலையில் செயின்ட் பீட்டர்ஸ் லூத்தரன் தேவாலயம் இருந்தது. பழைய கோயிலை இடித்துப் புதிதாகக் கட்டிக்கொள்ளச் சபையார் சம்மதித்தார்கள். ஆனால் அது அதே மூலையில்தான் இருக்க வேண்டும், வங்கியின் தூண் எதுவும் அதன் ஊடே இறங்கக் கூடாது என்றார்கள். கட்டமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமெஷர் தூண்களை மூலைகளிலிருந்து நகர்த்தி, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் நிறுத்தினார். ஒன்பது மாடி உயரத் தூண்கள். அவற்றின் மேல் 59 மாடிக் கட்டடம், 279 மீட்டர் உயரத்துக்கு எழுந்தது. மேலே உள்ள பாரத்தையும் காற்றின் தள்ளுதலையும் நடுத்தூண்களுக்குக் கொண்டுவந்து சேர்ப்பவை, சுவரோடு சுவராக மறைந்திருக்கும் ‘வி’ வடிவ எஃகுத் தண்டுகள். 1977-ல் கட்டடம் திறந்தபோது பொறியாளர்கள் வியந்தார்கள்.

அடுத்த ஆண்டே கேள்வியும் பிறந்துவிட்டது. அதுவும் இரண்டு இடங்களில்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டயேன் ஹார்ட்லி என்ற மாணவி இந்தக் கட்டடத்தைப் பற்றித் தன் இளநிலை ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தார். காற்று ஒரு சுவரில் நேராக மோதினால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருந்தது. அன்றைய கட்டட விதிகள் கேட்டதும் அதை மட்டும்தான். மூலையில் மோதினால்? அப்போது இரண்டு சுவர்கள் ஒரே நேரத்தில் காற்றை வாங்கும். தண்டுகளில் விசை கூடுவதாக ஹார்ட்லியின் கணக்கு சொன்னது. லெமெஷரின் அலுவலகத்தில் மூலைக்காற்றுக்கான கணக்கைக் கேட்டார். கட்டடம் தாங்கும் என்ற உறுதிமொழி கிடைத்தது. கேட்ட கணக்கு கைக்கு வரவே இல்லை என்று பின்னாளில் அவர் சொன்னார். உறுதிமொழியை நம்பி ஆய்வேட்டை முடித்தார். கேள்வி அதன் பக்கங்களுக்குள் உறங்கப் போய்விட்டது.

இன்னொரு கிளை தொலைபேசி வழியாக வந்தது. 1978 ஜூன் மாதம் நியூஜெர்சியிலிருந்து ஒரு பொறியியல் மாணவர் தன்னை அழைத்ததாக லெமெஷரே சொல்லியிருக்கிறார். தூண்கள் தவறான இடத்தில் நிற்கின்றன என்று அந்த மாணவரின் பேராசிரியர் கருதினாராம். ஏன் நடுவில் வைத்தீர்கள் என்பதுதான் கேள்வி. லெமெஷர் எரிச்சல்படவில்லை. தேவாலயக் கதையிலிருந்து தொடங்கி, நடுத்தூண்கள் மூலைக்காற்றை எப்படி எதிர்கொள்கின்றன என்பதுவரை பொறுமையாக விளக்கினார். விளக்கி முடித்ததும், இது ஹார்வர்டில் தன் மாணவர்களுக்கு நல்ல பாடமாகுமே என்று அவருக்குத் தோன்றியது. பாடம் நடத்த எண்கள் வேண்டும். எண்களுக்காகக் கணக்கில் உட்கார்ந்தார்.

மூலைக்காற்றில் சில தண்டுகளின் விசை 40 சதவீதம் கூடியது. அது மட்டும் என்றால் சமாளித்திருக்கலாம். ஆனால் தண்டுகளின் இணைப்புகள் எப்படிச் செய்யப்பட்டிருந்தன என்பது ஒரு மாதத்துக்கு முன்புதான் அவருக்குத் தெரியவந்திருந்தது. பிட்ஸ்பர்கில் வேறொரு கட்டடத்துக்கு முழு வெல்டிங் செய்யச் சொன்னபோது, செலவு கூடுமே என்ற பேச்சு எழுந்தது. சிட்டிகார்ப்பில் செய்தோமே என்று காட்டுவதற்காகத் தன் அலுவலகத்தைக் கேட்டார். அங்கே வெல்டிங்குக்குப் பதில் போல்ட் போட்டுவிட்டார்கள் என்ற பதில் வந்தது.

இரண்டு பதில்களும் சந்தித்த இடத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். காற்று ஓர் இணைப்பை இழுத்துப் பிரிக்கப் பார்க்கிறது. கட்டடத்தின் சொந்த எடை அதை அழுத்திச் சேர்த்துவைக்கிறது. மிச்சம் உள்ள இழுவையைத்தான் போல்ட் தாங்க வேண்டும். புரிவதற்காக ஒரு கணக்கு: இழுவை 100, அழுத்தம் 75 என்றால் போல்ட்டின் பங்கு 25. இழுவை 40 சதவீதம் கூடி 140 ஆனாலும் எடை கூடப்போவதில்லை. அழுத்தம் அதே 75தான். போல்ட்டின் பங்கு 65 ஆகிவிடுகிறது. தண்டில் 40 சதவீதம் கூடியது இணைப்பில் 160 சதவீதமாகிறது. லெமெஷர் கண்டதும் இதே 160தான்.

கேள்வி அதன் பிறகு வேகமாக நடந்தது. ஜூலையில் கனடாவில் காற்றுச் சுரங்க ஆய்வு செய்த ஆலன் டேவன்போர்ட்டிடம் போனது. அங்கிருந்து லெமெஷரோடு மெய்ன் மாநிலத்து ஏரித் தீவு ஒன்றில் இருந்த அவர் வீட்டுக்குப் போய், ஒவ்வொரு மாடியாக, ஒவ்வொரு இணைப்பாக விடை கேட்டது. முப்பதாவது மாடி இணைப்புதான் எல்லாவற்றிலும் பலவீனமானது. 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய புயலே அதைப் பிரித்துவிடும் என்று கணக்கு வந்தது. வங்கியிடம் அவர் மறைக்கவில்லை. வங்கித் தலைவர் வால்டர் ரிஸ்டனிடம் நேரில் போய்ச் சொன்னார்.

ஆகஸ்டில் வேலை தொடங்கியது. மாலை ஐந்து மணிக்கு மேல் தச்சர்கள் வந்து, இணைப்புகளைச் சுற்றிப் பிளைவுட் அறை அடித்து, சுவர்ப் பலகையைப் பிரிப்பார்கள். இரவு எட்டு முதல் விடியற்காலை நான்கு வரை வெல்டர்கள் இரண்டு அங்குலத் தடிமன் எஃகுத் தகடுகளைப் போல்ட் இணைப்புகளின் மேல் பற்றவைப்பார்கள். விடிவதற்குள் துப்புரவுப் பணியாளர்கள் கூட்டித் துடைத்துவிடுவார்கள். காலையில் வந்து அமர்ந்த ஊழியர்களுக்கு முதுகுக்குப் பின்னால் நடந்தது தெரியாது. செப்டம்பர் தொடக்கத்தில் எல்லா என்ற சூறாவளி கரையை நோக்கி வந்து, கடலுக்கே திரும்பிப் போனது. அக்டோபரில் 200-க்கும் மேற்பட்ட இணைப்புகள் முடிந்தன.

ஊருக்குச் சொல்லாமல் விட்டது தவறு என்றே நான் நினைக்கிறேன். அந்தக் கட்டடத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் இருந்தவர்களுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இருந்தது. 1995-ல் நியூயார்க்கர் இதழ் எழுதிய பிறகுதான் உலகம் அறிந்தது. பிறகு ஒரு தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்துத்தான் தன் பழைய கேள்வியின் கதி ஹார்ட்லிக்கே தெரிந்தது. அண்மையில் அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இன்றைய முறைகளில் மறுபடி கணக்கிட்டு, மூலைக்காற்றின் அபாயம் அன்று அஞ்சிய அளவுக்கு இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். கேள்வி இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

பொறியியல் படிக்கும் பிள்ளைகளிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். “கட்டடம் தாங்குமா?” என்று கேட்டால் “தாங்கும்” என்று ஒரு சொல்லில் அனுப்பிவிடலாம். எந்தக் கட்டடம், எந்தத் தண்டு, காற்று எந்தப் பக்கம், எனக்கு வந்த விடை இது, உங்களுக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்டால், பதில் சொல்பவரும் பென்சிலை எடுத்தாக வேண்டும். ஹார்ட்லி அப்படித்தான் கேட்டார். “எவ்வளவு” என்று கேட்டவருக்குத் “தாங்கும்” என்று சொல்லிவிட்டார்கள். அப்படியொரு பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு, அதே கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள்.