பின்னல் கைவினை, அந்தமான் நிக்கோபார்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பழங்குடி மக்கள் தறியின் துணையில்லாமல் நாரையும் ஓலையையும் பிரம்பையும் கையாலேயே திரித்தும் முடிந்தும் முடைந்தும் பொருள் செய்யும் மரபு. பை, வலை, அணிகலன், தூளி, கூடை, பாய் எல்லாம் இதில் அடங்கும். வீட்டுப் பின்னல் என்றதும் கம்பளி நூலும் இரண்டு ஊசிகளும் ஸ்வெட்டரும் நினைவுக்கு வருவது குளிர்நாட்டு வழக்கம். போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. கம்பளிக்கு இங்கே வேலையில்லை. ஆனால், ஓய்ந்த வேளையில் மடியில் நூலை வைத்துக்கொண்டு வீட்டாருக்கு வேண்டியதைப் பின்னித் தரும் பழக்கம் கம்பளி இல்லாமலே தழைத்தது.

ஊசிப் பின்னலும் முடிச்சு வலையும்

தமிழில் சடையையும் பின்னுகிறோம், வலையையும் பின்னுகிறோம், ஸ்வெட்டரையும் பின்னுகிறோம். செய்முறையில் இவை வேறு வேறு. ஊசிப் பின்னலில் ஒரே நூல் கண்ணிக்குள் கண்ணியாக நுழைந்து போகிறது. கண்ணிகளுக்கு இடையே காற்று தங்குவதால் உடலின் சூடு வெளியேறாது. நூலின் முனையைப் பிடித்து இழுத்தாலோ மொத்தமும் அவிழ்ந்துவிடும். முடிச்சு வலையில் ஒவ்வொரு கண்ணையும் ஒரு முடிச்சு பூட்டுகிறது. ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றவை நிற்கும். நீர் வடிந்துபோகும், உள்ளே இருப்பது தங்கும். மழையிலும் கடலிலும் வாழ்ந்தவர்கள் இந்த இரண்டாவது வழியில் தேர்ந்ததில் வியப்பில்லை.

நாரும் நூலும்

அந்தமானியரின் கைவினைகளைப் பற்றி விரிவாக எழுதியவர் எட்வர்ட் ஹொராஸ் மேன். 1869இல் போர்ட் பிளேருக்கு வந்த ஆங்கிலேய அதிகாரி. அவருடைய ஆய்வு 1880களின் தொடக்கத்தில் வெளிவந்தது. பின்னர் 1906 முதல் 1908 வரை அங்கே களப்பணி செய்த ராட்கிளிஃப் பிரவுன், 1922இல் வெளியிட்ட நூலில் கைவினைகளுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கினார். நாரின் தேர்வில் மக்கள் எவ்வளவு நுட்பமாக இருந்தார்கள் என்பது இவற்றிலிருந்து தெரிகிறது. அனடென்ட்ரான் என்னும் கொடியின் நார் மெல்லியது, உறுதியானது. வில்லின் நாணுக்கும் அம்பின் கட்டுக்கும் சிறு பைகளுக்கும் அணிகளுக்கும் அது பயன்பட்டது. மெலோக்கியா மரப்பட்டையின் நார் முரடானது. ஆமை பிடிக்கும் கயிறும் பெரிய வலையும் அதில் ஆயின.

நார் எடுக்கும் முறை எளியது, பொறுமை கேட்பது. பட்டையை நீள நீளமாக உரித்து, மட்டி ஓட்டின் விளிம்பால் சதைப்பற்றைச் சுரண்டுவார்கள். எஞ்சிய வெள்ளை இழைகளை உலர்த்தித் தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டினால் முறுக்கேறும். நம்மூரில் திரி திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கையசைவு பழக்கமானதே. நாண் போன்ற முக்கியமான நூலுக்குத் தேன்மெழுகு பூசுவார்கள். ஈரம் ஏறாது, முறுக்கும் கலையாது.

பை, தூளி, அணி

கடலாமைக்கான பெரிய வலையும் கயிறும் ஆண்களின் வேலை. கூடையும் கைவலையும் சிறு பையும் அணிகலன்களும் பெரும்பாலும் பெண்களுடையவை. தெற்கு அந்தமானின் அக்கா-பியா மொழியில் இந்தச் சிறு வலைப்பைக்கு ‘சாபங்கா’ என்று பெயர். சிப்பி முதலிய கைப்பொருட்களைப் போட்டுக்கொள்ள உதவியது. கடல்நீர் வற்றும் வேளையில் பாறைக் குட்டைகளில் தேங்கிய மீனையும் இறாலையும் பெண்கள் கைவலையால் அள்ளினார்கள். குழந்தையைச் சுமக்க மரப்பட்டையாலான தோள் தூளி இருந்தது. தாழை மடலை மடித்துச் செய்த இடுப்புப் பட்டை பெண்களின் அணி. நூல்வலையில் தந்தச் சிப்பி எனப்படும் குழல் வடிவச் சிப்பிகளைக் கோத்துத் தலைப்பட்டையும் கழுத்தணியும் செய்தார்கள். காய்ந்த ஆர்க்கிட் தண்டின் பொன்னிறத் தோல் கைவினைகளுக்கு அழகூட்டியது.

இந்த மரபின் நெருக்கம் இறப்பிலும் தொடர்ந்தது. இறந்தவரின் எலும்பைப் பின்னர் எடுத்துத் தூய்மை செய்து, செம்மண்ணும் வெண்களிமண்ணும் பூசி, நூல்வலையும் சிப்பிக் குஞ்சமும் கட்டி உறவினர்கள் கழுத்தில் அணிந்தார்கள். உயிரோடு இருப்பவருக்குப் பை பின்னிய அதே நூல்தான் பிரிந்தவரையும் உடன் வைத்துக்கொள்ள உதவியது.

நிக்கோபாரின் பாய்

தெற்கே நிக்கோபாரில் நூலைவிட ஓலைக்கே முதலிடம். தாழை அங்கே உணவும் ஆகும். நிக்கோபாரியர் பெருந்தாழையின் பழத்தை வேகவைத்துக் கூழ் எடுத்து உண்கிறார்கள். தாழை ஓலை பாயாகிறது. ஓரத்து முள்ளைச் சீவி நீக்கி, ஓலையை உலர்த்தி, ஒரே அகலத்தில் கீறி, இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாக விரலால் முடைவது தாழம்பாயின் பொதுவான முறை. தாமிரபரணிக் கரையின் பத்தமடைப் பாய்க்குத் தறி உண்டு, பாவு உண்டு. இங்கே விரல்தான் தறி. ‘சத்ராய் ஹிலேயுவோய்’ எனப்படும் நிக்கோபாரியப் பாய், புவிசார் குறியீடு பெற்ற தீவுப் பொருட்களுள் ஒன்று. நிக்கோபாரிய ஓடம், குடில், தேங்காய் ஆகியவையும் அதே பட்டியலில் உள்ளன. கிரேட் நிக்கோபாரின் காட்டில் வாழும் ஷோம்பென் மக்கள் மரப்பட்டையைத் தட்டித் துணியாக்கும் வேறொரு கலையை அறிந்தவர்கள்.

சிறைக்காலம்

1858 மார்ச்சில் ஆங்கிலேயரின் தண்டனைக் காலனிக்குக் கைதிகளோடு முதல் கப்பல் வந்ததும் தீவுகளுக்கு வேறொரு நார் வேலையும் வந்தது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையில் கைதிகள் தேங்காய் மட்டையை அடித்து நார் பிரித்தார்கள், கயிறு திரித்தார்கள். அன்றன்றைய அளவு குறைந்தால் தண்டனை. பெண் கைதிகளுக்கு சவுத் பாயின்டில் தனிச் சிறை இருந்தது. அங்கே நெசவு வேலை. தன் குழந்தைக்குத் தூளி செய்தவளின் கையிலும், யாருக்கென்று தெரியாமல் கயிறு திரித்த கைதியின் கையிலும் இருந்தது நார்தான். முதலாவது இளைப்பாறல், இரண்டாவது கடுங்காவல்.

காலனி பழங்குடியினரையும் விட்டுவைக்கவில்லை. 1877இல் பரவிய தட்டம்மையும் பிற தொற்றுநோய்களும் அந்தமானியரில் ஒரு பிரிவினரான கிரேட் அந்தமானியரை ஏறத்தாழ அழித்தன. காலனி தொடங்கியபோது சில ஆயிரம் பேராக இருந்தவர்கள் 1961 கணக்கெடுப்பில் 19 பேர். 2011இல் 44 பேர். மேன் பதிவு செய்த பின்னல் வகைகளில் பலவற்றை இன்று அருங்காட்சியகப் பேழைகளில்தான் பார்க்க முடியும். ஆக்ஸ்ஃபோர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் அவர் திரட்டிய பொருட்கள் உள்ளன.

இன்றைய நிலை

2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை நிக்கோபாரின் கரையோரத் தென்னையையும் தாழையையும் அழித்தது. கிரேட் நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. குடிலை விட்டுத் தகரக் கொட்டகைக்கும் பின்னர் புதிய வீடுகளுக்கும் மாறிய மக்களுக்குப் பாய் முடைய ஓலை கிடைப்பதே அரிதாயிற்று. நைலான் நூலும் நெகிழிப் பாயும் மலிவாகக் கிடைப்பது இன்னொரு காரணம். அந்தமானின் ஜாரவா மக்களோ வெளியிலிருந்து வந்த சிவப்புத் துணியைத் தங்கள் வழியில் ஏற்றுக்கொண்டார்கள். கிழித்த துண்டுகள் தலையிலும் கழுத்திலும் இடுப்பிலும் அணியாயின.

2011 கணக்கெடுப்பின்படி தீவுகளில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு. ஒயர் கூடையையும் குரோஷாவையும் நாகர்கோவில் லேசையும் அறிந்த மரபு தமிழருடையது. அந்த லேஸ் வேலையும் 1820களில் மிஷனரிப் பெண்கள் வழியாக வந்து நம் வீடுகளில் வேர்விட்டதுதான். ஆகவே இந்தத் தீவுப் பின்னல் தமிழருக்கு எட்டாத கலை இல்லை.

இதைக் காண விரும்புவோர் பழங்குடிக் காப்புப் பகுதிக்குள் போகவேண்டாம். 1956ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதியின்றி நுழைவது குற்றம். போர்ட் பிளேரின் மானிடவியல் அருங்காட்சியகத்தில் பழங்குடியினரின் கைவினைப் பொருட்கள் காட்சிக்கு உள்ளன.