மனச்சிதைவும் பார்வையுணர்வும்

எதிரில் இருப்பவரின் கண் எங்கே பார்க்கிறது என்று அறிவதே பார்வையுணர்வு. பிறர் மனத்தைப் படிக்கும் திறனான சமூக அறிதலுக்கு இதுவே முதற்படி. உலகில் சுமார் 300 பேரில் ஒருவரைப் பாதிக்கும் மனச்சிதைவு நோயில் இந்த இரண்டும் எப்படி மாறுகின்றன என்பது 1990களிலிருந்து ஊன்றி ஆராயப்படுகிறது.

பேருந்தில் எதிர் இருக்கைக்காரர் நமக்குப் பின்னாலுள்ள சன்னலைப் பார்க்கிறார். ஒரு நொடி நம்மைத்தான் பார்க்கிறாரோ என்று தோன்றும். மறுநொடி அது கலைந்துவிடும். கண் போகும் திசை தெளிவாக இல்லாதபோது ‘என்னை நோக்கி’ என்று எடுத்துக்கொள்ளும் சாய்வு எல்லாருக்கும் உண்டு. மனச்சிதைவில் அந்த எண்ணம் எளிதில் கலைவதில்லை. ஊரே தன்னைக் கவனிக்கிறது என்ற மருட்சிக்கு இதில் ஒரு வேர் இருக்கலாம்.

ஆனால் கோளாறு கண்ணில் இல்லை. பிரான்சில் நிக்கோலா ஃபிராங்க் குழு 1998இல் வெளியிட்ட ஆய்வில், படத்திலுள்ள கண் இடப்பக்கம் பார்க்கிறதா வலப்பக்கம் பார்க்கிறதா என்பதை நோயாளிகள் மற்றவர்களைப் போலவே சரியாகச் சொன்னார்கள். ‘உங்களைப் பார்க்கிறாரா?’ என்று கேட்கும்போதுதான் விடை பிசகுகிறது. 2005இல் கிறிஸ்டின் ஹூக்கரும் சோஹி பார்க்கும் இதைக் காட்டினர். மிச்சிகனில் ஐவி ட்சோ குழு 2012இல் கருவிழியைப் படிப்படியாக நகர்த்திய முகப்படங்களைக் காட்டி, ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டும் சொல்லச் சொன்னது. மற்றவர்களின் விடை ஓரிடத்தில் சட்டென்று மாறியது. நோயாளிகளுக்கோ அந்த எல்லை மங்கலாக இருந்தது, விலகிய பார்வையும் தம்மீது விழுவதாகப் பட்டது. கேள்வியில் ‘நான்’ நுழையும் இடம்தான் இந்த ஆராய்ச்சி முழுவதற்கும் மையம் என்று சொல்ல வேண்டும்.

கோளாறு கண்ணில் இல்லையென்றால் மூளையில் தேட வேண்டும். பார்வைத் திசையைக் கணிப்பதில் காதுக்கு மேலே மூளையின் பக்கவாட்டில் நீளும் ஒரு மடிப்புக்கும், அச்சத்தை எடைபோடும் அமிக்டலாவுக்கும் பெரும்பங்கு உண்டு.

பார்வை பிசகினால் மனக்கணிப்பும் இடறலாம். கண் பகுதியை மட்டும் காட்டும் 36 படங்களுக்கு, ஒவ்வொன்றுக்கும் 4 சொற்களிலிருந்து மனநிலையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது உளவியலாளர் சைமன் பேரன்-கோஹனின் தேர்வு (2001). இதில் நோயாளிகள் பொதுவாகக் குறைந்த மதிப்பெண் பெறுகிறார்கள். ஆனால் மேலைநாட்டு முகங்களும் சொற்களும் கொண்டு நம்மவர்களை அளப்பது நியாயமாகாது. பார்வைப் பழக்கமும் இடத்துக்கு இடம் மாறும்: பெரியவர்களின் கண்ணை நேருக்கு நேர் பார்க்காமலிருப்பது இங்கே மரியாதை. அதை நோய்க்குறி என்று குறித்துவிடக் கூடாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவன மருத்துவர்கள் சமூக அறிதலை அளக்க, இந்தியச் சூழலுக்கு ஏற்ற ‘சாக்ரடிஸ்’ என்ற கருவித்தொகுப்பை 2011இல் வெளியிட்டது இந்தக் குறையை உணர்ந்துதான்.

மருந்துகள் மருட்சியைத் தணிக்கின்றன. சமூக அறிதலில் அவற்றின் பயன் சிறிதே. அதனால் முகபாவம் படிக்கவும், அவசர முடிவுக்கு முன் வேறு காரணங்களை எண்ணிப் பார்க்கவும் குழுவாகப் பழக்கும் பயிற்சிகள் உருவாகியுள்ளன. ‘அவர் சன்னலைப் பார்த்திருக்கலாமோ?’ என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்வது அப்பயிற்சியில் கற்றுக்கொள்ளும் பழக்கம்.