சோயாவுக்குள்ள ஒரு காலண்டர்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

பேச்சிலர் ரூம்ல இருந்தவங்களுக்கு மீல் மேக்கரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மாசக் கடைசியில் நம்மைக் காப்பாத்துற சாமி அது. சோயாபீன்ஸ்ல எண்ணெய் எடுத்தபிறகு மிஞ்சுற மாவுதான் மீல் மேக்கர் ஆகுது. இன்னைக்கு அந்தச் செடியோட கதை.

ஒரு கேள்வியில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு விவசாயி ரெண்டு மாசம் தாமதமா விதைச்சா, அறுவடையும் ரெண்டு மாசம் தள்ளிப் போகும், அவ்வளவுதானே? சாஃப்ட்வேர்காரனான எனக்கு அப்படித்தான் தோணுச்சு. ப்ராஜெக்ட் லேட்டா ஆரம்பிச்சா ரிலீஸும் லேட் ஆகும். ஆனா சோயா அப்படி இல்லை.

வாஷிங்டனுக்கு எதிர்க்கரையில், ஆர்லிங்டன்ல, அமெரிக்க வேளாண்துறைக்கு ஒரு ஆராய்ச்சிப் பண்ணை இருந்தது. முதல் உலகப்போர் சமயத்தில் வைட்மேன் கார்னர், ஹாரி அலார்ட் என்ற ரெண்டு விஞ்ஞானிகள் அங்கே ஒரு குழப்பத்தில் மாட்டிக்கிட்டாங்க. பிலாக்ஸி என்ற சோயா ரகத்தை மே முதல் ஜூலை வரை இடைவெளி விட்டு விட்டு விதைச்சாங்க. அறுவடையைப் பல வாரங்களுக்குப் பிரிச்சுக்கலாம்னு எதிர்பார்ப்பு. ஆனா எல்லாச் செடியும் செப்டம்பர்ல கூட்டாப் பூத்துச்சு. மே மாசச் செடி ஆள் மாதிரி வளர்ந்திருந்தது. ஜூலைச் செடி இன்னும் பொடிசு. ஆனாலும் பூ மட்டும் ஒரே நேரத்தில்.

அதே பண்ணையில் இன்னொரு புதிர். மேரிலாண்ட் மாமத் என்ற புகையிலை கோடை முழுக்க உயரமா வளர்ந்துக்கிட்டே போகும், பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்தில் வெச்சா சின்னச் செடியா இருக்கும்போதே பூத்துடும்.

வெப்பமா, உரமா, வெயிலோட வலுவா? ஒவ்வொண்ணா சோதிச்சுத் தள்ளிட்டாங்க. நம்ம டீபக்கிங் மாதிரியேதான். மிஞ்சினது ஒண்ணு: பகலோட நீளம். அதனால் 1918 ஜூலையில் வெளிச்சம் புகாத ஒரு சின்னக் கொட்டகை கட்டினாங்க. சாயங்காலம் 4 மணிக்குச் செடிகள் உள்ளே, மறுநாள் காலை 9 மணிக்கு வெளியே. நடுக்கோடையிலேயே செயற்கையா ஒரு குட்டிப் பகல். கொட்டகைக்குள் போய் வந்த புகையிலை பூத்தது. வெளியே நின்ன அதே ரகம் பூக்கலை. 1920-ல் முடிவை வெளியிட்டாங்க. ஒளிக்காலத்துவம் என்று நம்ம பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் கடந்து போனது இதுதான்.

1938-ல் ஹாம்னர், பானர் என்ற இருவர் வேறொரு செடியில் காட்டினாங்க: செடி உண்மையில் அளக்கிறது பகலை இல்லை, இரவை. நடு ராத்திரியில் கொஞ்சம் வெளிச்சம் பட்டாலே கணக்கு கெட்டுப்போகும். தெருவிளக்குப் பக்கத்தில் இருக்கிற சோயா மட்டும் மத்ததெல்லாம் காய்ஞ்ச பிறகும் பச்சையா நிக்கும். காரணம் இதுதான்.

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். சோயாவுக்குள்ள இருக்கிறது டைமர் இல்லை, காலண்டர். இரவு போதுமான அளவு நீண்டதும் பூக்க ஆரம்பிச்சுடும். தாமதமா விதைச்சா அறுவடை அதே அளவு தள்ளிப் போகாது. வளர்ற நாள்தான் வெட்டுப்படும். தண்டு குட்டை, கணுக்கள் குறைவு, கணுவில் வர்ற காய்களும் குறைவு. விவசாயி இழக்கிறது நாளை இல்லை, விளைச்சலை.

இந்த அறிவு ஒரு நாட்டையே மாத்துச்சு. பூமத்திய ரேகை பக்கம் வருஷம் முழுக்கப் பகல் சுமார் 12 மணி நேரம்தான். வட அமெரிக்க சோயாவை அங்கே விதைச்சா, 'ஐயோ, இலையுதிர்காலம் வந்துடுச்சு' என்று நினைச்சு முழங்கால் உயரத்துக்குள் பூத்து முடிஞ்சுடும். அதனாலேயே பிரேசில்ல சோயா ரொம்ப நாள் தெற்கு ஓரத்திலேயே இருந்தது. 1970-களில் ரோமியு கீல் போன்ற பிரேசில் விஞ்ஞானிகள், இளமைக்காலம் நீண்ட ரகங்களை உருவாக்கினாங்க. குட்டைப் பகலைப் பார்த்தாலும் கொஞ்ச நாள் வளர்ந்துட்டுத்தான் பூக்கும். மண்ணோட அமிலத்தன்மையைச் சுண்ணாம்பு போட்டுச் சரிசெஞ்சாங்க. செராடோ புல்வெளி வயலாச்சு. இன்னைக்கு உலகத்திலேயே அதிகம் சோயா விளைவிப்பது பிரேசில்தான். அதுக்கு விலையா அந்தப் புல்வெளியில் பெரும் பகுதி அழிஞ்சும் போச்சு. ரெண்டும் ஒரே கண்டுபிடிப்போட விளைவு.

ஆடிப்பட்டம் தேடி விதைன்னு பாட்டி சொன்னப்ப, மழைக்காகன்னு மட்டும்தான் நினைச்சேன். நம்ம பழைய சம்பா ரகங்கள் பலதும் இரவை எண்ணித்தான் பூக்குது.

அந்த ஆர்லிங்டன் பண்ணை இப்போ இல்லை. ஐந்து சாலைகளுக்கு நடுவில் இருந்த அந்த நிலத்துக்காகத்தான் பென்டகனை முதலில் ஐங்கோணமா வரைஞ்சாங்க. அப்புறம் இடம் கொஞ்சம் தள்ளிப் போச்சு, வடிவம் மட்டும் தங்கிடுச்சு. அடுத்த முறை பென்டகன் படத்தைப் பார்த்தா, பக்கத்தில் எங்கேயோ நின்ன அந்த இருட்டுக் கொட்டகையையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.